ரொட்டி மட்டும் மிஞ்சியது: 2022இல் மலையக லயங்களின் அடுப்படி, ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார்கள். 2021 முடியும்வரை எந்தப் பெட்டியில் என்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்லிவிடலாம். ரொட்டி, மேலே தேங்காய்ச் சம்பல். சில நாள் பருப்பு. சம்பளம் போட்ட கிழமையில் நெத்தலிப் பொரியல், அல்லது பாதி முட்டை.

பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் அந்தப் பெட்டிகள் மாதத்துக்கு மாதம் மாறின. முதலில் முட்டை காணாமல் போனது. பிறகு நெத்தலி. பிறகு பருப்பு வரும் நாட்கள் குறைந்தன. ஆவணி வாக்கில் சம்பலிலும் தேங்காய் குறைந்து, வெங்காயமும் மிளகாய்த்தூளும் உப்பும் இடித்த கட்டச் சம்பலாக வந்தது. ரொட்டி மட்டும் நின்றது, அதுவும் சிறுத்து மெலிந்து. பெட்டியே கொண்டுவராமல், மற்றப் பிள்ளைகள் சாப்பிட்டு முடியும்வரை தண்ணீர்க் குழாயடியில் நின்றவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாமான்கள் ஒவ்வொன்றாகப் போன அந்த வரிசையைத்தான் இங்கே ஆராய்கிறேன். எது முதலில் போனது, எது கடைசிவரை நின்றது, அதை யார் தீர்மானித்தார்கள்? ஒரு குடும்பத்தின் வருமானம் அதன் சாப்பாட்டை எப்படி வடிக்கிறது என்பதை 2022இன் மலையகம் போல் வெளிச்சமாகக் காட்டிய இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. நான் நேரில் பார்த்ததோடு, அரசின் குடும்ப வருமானச் செலவுக் கணிப்பும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கைகளும் சொன்னவற்றைச் சேர்த்து வைக்கிறேன்.

நெருக்கடிக்கு முந்திய சட்டி

2019ஆம் ஆண்டின் அரசுக் கணிப்பில் இலங்கைக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். நகர்ப்புறத்தில் 116,670. தோட்டத்துறையில் 46,865. குடும்பச் செலவில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு நாட்டுச் சராசரியாக 35 வீதம் அளவில் இருந்தபோது, தோட்டத்தில் அது பாதியை நெருங்கியிருந்தது.

வருமானம் குறையக் குறையச் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்பதை எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857இலேயே சொல்லிவிட்டார். அவர் கையில் இருந்தவை பெல்ஜியத்துத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்குகள். நூற்றறுபது வருடம் கழித்து அதே கோடு நம் லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், வழியாகவும் ஓடுகிறது.

இந்தப் பங்கு என்ன செய்யும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். நூறு ரூபாயில் 35 ரூபாயைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கும் குடும்பத்துக்கு உணவு விலை இரட்டிப்பானால், அதே சாப்பாட்டுக்கு 70 ரூபாய் வேண்டும். மிச்சம் 30 ரூபாயில் பஸ், மின்சாரம், மருந்து, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் நெருக்கியாவது ஓட்டலாம். நூறில் 50 ரூபாயைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் குடும்பத்துக்கு நூறும் அதற்கே போய்விடும். அந்தக் குடும்பம் சாப்பாட்டைக் குறைத்தே ஆகவேண்டும், வேறு வழி கிடையாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரு வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. அதாவது ஏறத்தாழ இரட்டிப்பு. மேலே போட்ட கணக்கு அந்த வருடத்தில் உண்மையாகிவிட்டது.

தோட்டத்துச் சாப்பாட்டை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இலங்கையில் கோதுமை மா மிக அதிகம் புழங்குவது தோட்டத்துறையில்தான். காலையில் ரொட்டி, பகலுக்கு மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி, சோறு இரவில்தான். பலர் இதைத் தோட்டத்து மக்களின் ருசி என்று நினைக்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கொழுந்து எடுக்கும் பெண் விடியுமுன் எழுந்து, பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி போட்டு, தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் சின்னதை விட்டுவிட்டு, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு நேரத்தோடு போய்ச் சேரவேண்டும். பத்து ரொட்டி தட்டிச் சுடுவதற்கு ஒரு கட்டு விறகு போதும். சோற்றுக்கு விறகும் கூட, நேரமும் கூட, கறியில்லாமல் சோறு இறங்கவும் செய்யாது. ரொட்டியைப் பையில் சுற்றிக் கொண்டுபோகலாம். மழையில் நனைந்து நிற்கும்போது ஒரு கையால் தின்னலாம். சம்பல் கொஞ்சம் இருந்தால் போதும், அதுவும் இல்லாவிட்டால் இனிப்புத் தேத்தண்ணியில் தோய்த்தே இறக்கிவிடலாம். காசும் நேரமும் விறகும் மூன்றும் குறைந்த வீட்டுக்கு ரொட்டிதான் வழி.

இந்த மாவின் வரலாறும் சோகமானது. முன்னாளில் தோட்டமே அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. பின்னால் ரேஷன் வந்தது, அதில் மாவும் வந்தது. 1973, 74இல் உலகச் சந்தையில் அரிசியும் மாவும் விலையேற, ரேஷனை வெட்டினார்கள். நாட்டின் மற்ற மக்களுக்குக் காணியிருந்தது, கிழங்காவது நட்டார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. தோட்டங்களில் இறப்பு வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகமாக ஏறியது. அந்தப் பஞ்சத்தைக் கண்ட பெரியவர்கள் 2022இல் இன்னும் உயிரோடு இருந்தார்கள். மா விலை ஏறுகிறது என்றதும் முதலில் பயந்தவர்கள் அவர்கள்தான்.

கூலி எப்படிக் குறைந்தது

ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்கு மலையகம் பல வருடம் போராடியது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணயச் சபை வழியாக அது வந்தது: அடிப்படை 900, வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு 100. அப்போது ஒரு டாலர் ஏறத்தாழ 200 ரூபாய். ஆயிரம் ரூபாய் ஐந்து டாலர். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள், ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாதென்று அரசு அறிவித்தது, மே மாதத்தில் டாலர் 360 ரூபாய்க்குப் போனது. அதே ஆயிரம் ரூபாய் மூன்று டாலருக்கும் கீழே இறங்கியது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் கொழும்பில் நடந்த பேச்சுகளில் இது அடிபடவே இல்லை. தேயிலை டாலருக்கு விற்கப்படுகிறது. ரூபாய் விழுந்ததால் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் ரூபாய் விலை 2022இல் முந்திய வருடத்தைப்போல் இரட்டிப்பானது. உற்பத்தி 2021இல் 29.9 கோடி கிலோவாக இருந்தது 25 கோடி சொச்சமாகக் குறைந்தும், ஏற்றுமதியால் நாட்டுக்கு 126 கோடி டாலர் வந்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாடு கையேந்தி நின்ற காலத்தில் டாலர் கொண்டுவந்த கைகளில் இந்தப் பெண்களின் கைகளும் உண்டு. அந்தக் கைக்கு அன்றும் ஆயிரம் ரூபாய்தான்.

அந்த ஆயிரமும் முழுதாக வரவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை நீக்கினாலும் உர விலை எட்டாத உயரத்தில் இருந்தது. உரம் போடாத செடியில் கொழுந்து குறையும். தோட்டத்துக்குத் தோட்டம் அளவு வேறுபட்டாலும், ஒரு பேர், அதாவது ஒரு முழு நாள் கூலி, விழுவதற்குப் பதினாறு, பதினெட்டு, இருபது கிலோ என்று ஒரு கணக்கு இருக்கிறது. செடியில் கொழுந்து இல்லாதபோது எத்தனை வேகமாகக் கை ஓடினாலும் தராசு ஏறாது. அரைப் பேர் போடுவார்கள், இல்லாவிட்டால் எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு. ஆக, சாமான் விலை ஏறிய அதே மாதங்களில் பேர் விழும் நாட்களும் குறைந்தன. இன்னொரு பக்கம், கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நின்ற பிள்ளைகள் வேலை போய் வீடு திரும்பினார்கள். அவர்கள் அனுப்பிய காசு நின்றது, சாப்பிடும் வாய் ஒன்று கூடியது.

டாலரில் வரும் சட்டி

விலையேற்றம் எல்லாச் சாமானையும் ஒரே மாதிரி அடிக்கவில்லை. தோட்டத்து வீட்டின் மாதச் சாமான் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: கோதுமை மா, மைசூர்ப் பருப்பு, சீனி, நெத்தலி, கருவாடு, பெரிய வெங்காயம், பால்மா. மாவுக்கான கோதுமை கப்பலில் வருகிறது. பருப்பு அவுஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறது. சீனியில் பெரும்பகுதி இறக்குமதி. நெத்தலியிலும் கருவாட்டிலும் நிறைய வெளியிலிருந்து வருபவை. வெங்காயம் இந்தியாவிலிருந்து. பால்மா நியூசிலாந்திலிருந்து. ஏழையின் சட்டியில் இருந்தவை ஏறத்தாழ எல்லாமே டாலர் கொடுத்து வாங்கியவை. டாலர் ஏறியபோது அடி நேராக அங்கே விழுந்தது.

கீழ்நாட்டுக் கிராமத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்தை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அவர்களும் ஏழைகள்தான். ஆனால் வளவில் ஒரு பலாமரம் நிற்கும், இரண்டு தென்னை நிற்கும், வேலியோரம் மரவள்ளி இருக்கும். பலாக்காயை அவித்து, தேங்காய்ப்பூவைப் போட்டு ஒரு நேரத்தைத் தள்ளலாம். 2022இல் பல கிராமங்கள் அப்படித்தான் தள்ளின. நுவரெலியா, தலவாக்கலை உயரத்தில் தென்னை காய்க்காது, பலாவும் சரியாக வராது. வந்தாலும் நடுவதற்கு லயத்து வாசலில் காணி ஏது? இருநூறு வருடமாக அந்த மண்ணில் வேலை செய்தும் பெரும்பாலோருக்கு வீட்டடிக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. தேங்காயையும் காசு கொடுத்து, கீழிருந்து லொறியில் வந்த வாடகையும் சேர்த்து வாங்கவேண்டும். வருமானத்தைக் காசால் மட்டும் அளக்கும் கணிப்புகளில் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. ஒரே வருமானம் உள்ள இரண்டு வீடுகளில், மரமுள்ள வீடு வேறு மாதிரிச் சாப்பிடும்.

மலையில்தான் கரட், லீக்ஸ், கோவா எல்லாம் விளைகின்றன என்று கேட்கலாம். விளைகின்றன. அவை தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகின்றன. பசு வளர்க்கும் லயத்து வீடுகளும் உண்டு. பால் காலையில் சேகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும், அந்தப் பால் காசில் சீனி வரும், வீட்டுப் பிள்ளை குடிப்பது சாயத் தேத்தண்ணி. என் வகுப்பிலேயே அப்படி ஒரு பிள்ளை இருந்தது. பாலை விற்றது தப்பு என்று அந்தத் தாயிடம் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஒரு போத்தல் பால் ஒரு பிள்ளைக்கு, அதே காசு வீடு முழுவதற்கும்.

ஒரு பேர் கூலிக்கு என்ன கிடைத்தது

ஒரு கணக்கு. ஐந்து பேர் உள்ள வீடு, காலைக்கும் பகலுக்கும் ரொட்டி, நாளுக்கு ஒரு கிலோ மா என்று வைத்துக்கொள்வோம். மா கிலோ 100 ரூபாய் அளவில் விற்றபோது மாதத்துக்கு 3,000 ரூபாய். 2022 ஆவணி, புரட்டாதியில் மா கிலோ 300 ரூபாயைத் தாண்டி, சில இடங்களில் 400 வரை போனது. 350 என்று எடுத்தால் மாதத்துக்கு 10,500 ரூபாய். இப்போது கூலி. ஒருவருக்கு மாதத்தில் இருபது பேர் விழுந்தால் 20,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம், 1,600 ரூபாய் போகும். மிச்சம் 18,400. அதில் தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் என்று கழிப்பவை வேறு. ஆக ஒருவர் உழைத்ததில் பாதிக்குமேல் வெறும் மாவுக்கு. சம்பலும் தேத்தண்ணியும் இரவுச் சோறும் பிறகுதான்.

பால்மா இன்னும் மோசம். 2022 மார்ச்சிலேயே 400 கிராம் பெட்டி 790 ரூபாய். ஒரு முழு நாள் மலையேறி இறங்கினால் கிடைக்கும் கூலியில் ஐந்தில் நான்கு பங்கு. வீட்டில் கைக்குழந்தை இல்லாவிட்டால் பால்மா அந்த மாதத்தோடு நின்றது. முட்டைக்கு ஆகஸ்டில் அரசு 43, 45 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. அந்த விலைக்குத் தேடிப்பிடிப்பது பாடு. ஐந்து பேருக்கு ஆளுக்கொரு முட்டை என்றால் 200 ரூபாய்க்கு மேல். நான் பார்த்த சாப்பாட்டுப் பெட்டிகளில் முட்டை முதலில் போனதற்குக் காரணம் இதுதான். வயிற்றை நிரப்பும் வேலையில் முட்டைக்குப் பங்கு சிறிது, காசில் பங்கு பெரிது.

இங்கே ஒரு முரண் தெரியும். மா விலை மூன்று மடங்குக்குமேல் ஏறியும் மாவை விடவில்லை. மாவை விடாமல் இருப்பதற்காக மற்றதையெல்லாம் விட்டார்கள். விலையேறிய சாமானைக் குறைத்து மலிவானதற்கு மாறுவார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். மாறுவதற்கு அதைவிட மலிவாக வயிற்றை நிரப்பும் ஒன்று இருக்கவேண்டுமே. அரிசிக்கு மாறியவர்கள் இருந்தார்கள். மா 400க்குப் போனபோது அரிசி அதைவிட மலிவாக நின்றது உண்மை. ஆனால் அரிசிக்குக் கறி வேண்டும், விறகு வேண்டும், காலையில் ஒரு மணி நேரம் வேண்டும். ஆவணி கடைசியில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஒரே தாவாகத் தாவியதும் அதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய விஷயம். இரவுச் சோற்றில் கொஞ்சத்தை எடுத்துவைத்துக் காலையில் பழஞ்சோறாகக் கொடுத்த வீடுகள் உண்டு. பகல் ரொட்டியை ஒன்றாகக் குறைத்து, தேத்தண்ணியில் சீனியைக் கூட்டிய வீடுகளும் உண்டு. சீனி விலையும் ஏறியபோது, கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு தேத்தண்ணியைக் குடிக்கும் பழைய வழக்கம் திரும்பியது.

கடைக்காரரின் கடன் கொப்பியைப் பற்றியும் சொல்லவேண்டும். தோட்டத்துச் சாப்பாடு சம்பள நாளிலிருந்து சம்பள நாள்வரை அந்தக் கொப்பியில்தான் ஓடும். மாதக் கடைசியில் காசில்லாத பத்து நாளைக் கொப்பி தாங்கும். 2022இல் விலை கிழமைக்குக் கிழமை மாறியது. இன்று 250 ரூபாய்க்குக் கொடுத்த சாமானை அடுத்த மாதம் அவர் 350க்கு வாங்கி நிரப்பவேண்டும். பல கடைகள் கொப்பியை மூடின. கடைக்காரர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களும் நொடிந்துபோனார்கள். ஆனால் கொப்பி மூடியதால் நடந்தது என்னவென்றால், சாமான் வாங்குவது நூறு கிராம், ஐம்பது கிராமாகச் சுருங்கியது. ஐம்பது கிராமாக வாங்கினால் கிலோவுக்கு விலை கூடும். காசு குறைந்தவர் அதே பருப்புக்குக் கூடுதல் விலை கொடுத்தார். தோடும் மூக்குத்தியும் அடகுக்கடைக்குப் போன கதை ஒவ்வொரு லயத்திலும் உண்டு.

வீட்டுக்குள் யாருக்குக் குறைந்தது

ஒரு குடும்பத்தின் சாப்பாடு என்று பொதுவாகப் பேசிவிடுகிறோம். சட்டியில் இருப்பது எல்லாருக்கும் சமமாகப் போவதில்லை. ஒரு தாய் வந்திருந்தார், மகன் வகுப்பில் மயங்கி விழுந்ததற்காகக் கூப்பிட்டிருந்தோம். காலையில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“ஒரு ரொட்டி இருந்திச்சுங்க டீச்சர், அத ரெண்டாப் பிச்சு இவனுக்கும் தங்கச்சிக்கும் குடுத்தேன்.”

“நீங்க?”

“நான் மலைக்குப் போயி தேத்தண்ணி குடிச்சிக்குவேங்க.”

பதினெட்டு கிலோ கொழுந்து எடுக்கவேண்டிய உடம்பு அது. அன்று முழுக்க அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது சாயத் தேத்தண்ணியும், யாராவது பிய்த்துக் கொடுத்த ரொட்டித் துண்டும். சாப்பாடு குறைந்தால் கை தளரும், கை தளர்ந்தால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப் பேர். குறைந்த கூலி குறைந்த சாப்பாட்டைக் கொடுக்கிறது என்று மட்டும் படித்திருந்தேன். குறைந்த சாப்பாடு கூலியைக் குறைப்பதை அந்தத் தாயின் முகத்தில் பார்த்தேன்.

உலக உணவுத் திட்டம் 2022 நடுவில் சொன்ன கணக்கில், இலங்கையில் 86 வீதக் குடும்பங்கள் மலிவான, சத்துக் குறைந்த உணவுக்கு மாறியிருந்தன, அளவைக் குறைத்திருந்தன, சில வீடுகள் நேரங்களையே விட்டிருந்தன. அவ்வருடம் செப்டெம்பரில் வந்த ஐ.நா. அறிக்கை, 63 இலட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் 28 வீதம், உணவுப் பாதுகாப்பில்லாமல் இருப்பதாகச் சொன்னது. தோட்டத்துறைதான் எல்லாவற்றிலும் மோசம். அங்கே பாதிக்கும் மேல். பிள்ளைகளைப் பார்த்தால், ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களில் எடை குறைந்தோர் 2021இல் 12.2 வீதம், 2022இல் 15.3 வீதம். தாய்மாருக்கும் சிறுவருக்கும் கொடுக்கும் திரிபோஷா மாவும் தேவையான அந்த வருடத்தில் சரியாகக் கிடைக்கவில்லை. அதற்கு வேண்டிய தரத்தில் சோளம் இல்லை.

இந்த எண்களைப் படிக்கும்போது இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்கவேண்டும். 2016ஆம் ஆண்டின் தேசியக் கணிப்பிலேயே நாடு முழுவதும் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் 17 வீதம் இருந்தபோது, தோட்டத்தில் அது 32 வீதம். அப்போது போரும் இல்லை, எரிபொருள் வரிசையும் இல்லை, டாலர் நெருக்கடியும் இல்லை. வெறும் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் பல தலைமுறையாகச் செய்த வேலை அது. 2022ஐ ஒரு விபத்தாக மட்டும் எழுதிவிட்டு நகர்வது எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம்.

கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் உறவினர் வீட்டிலும் அந்த வருடம் சாப்பாடு மாறியது. வெளியில் சாப்பிடுவதை நிறுத்தினார்கள், கிழமைக்கு மூன்று நாள் இருந்த மீன் ஒரு நாளானது, மற்ற நாட்களில் முட்டையும் பருப்பும். அவர்களுக்கும் அது கஷ்டம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அவர்கள் மீனிலிருந்து முட்டைக்கும் பருப்புக்கும் இறங்கிய அதே மாதங்களில், லயத்து வீடு முட்டையையும் பருப்பையும் விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்படியில் நின்றவர்களுக்கு அடுத்த படி இல்லை.

திரும்பி வந்தவையும் வராதவையும்

2023 நடுவில் உணவு விலையேற்றம் பூச்சியத்துக்கும் கீழே போனது என்று செய்தி வந்தது. ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர் சந்தோஷப்பட்டார். விலையேறும் வேகம் நின்றது சரி, ஏறிய இடத்திலேயே நின்றதே. 2021இன் கூலியும் 2022இன் விலையுமாகத் தோட்டம் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. 2023 ஜூலையில் அரசின் அஸ்வெசும என்ற நலன்புரி உதவி தொடங்கியது. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000, வறியவர்களுக்கு 8,500 என்று நான்கு படிகள். கிடைத்த வீடுகளில் அது அடுப்புவரை வந்து சேர்ந்ததை நான் கண்டேன். ஒரே லயத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்து, அதே கூலி வாங்கும் பக்கத்து வீட்டுக்குக் கிடைக்காமல் போனதையும் கண்டேன்.

நாட்கூலி 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. ஆயிரத்திலிருந்து அன்று முப்பத்தைந்து வீதம் கூடியது. மா விலை உச்சத்திலிருந்து இறங்கினாலும் பழைய நூறு ரூபாய்க்குத் திரும்பவே இல்லை. 28 வீதமாக இருந்த உணவுப் பாதுகாப்பற்றோர் 2023 மே அறிக்கையில் 17 வீதமாகக் குறைந்திருந்தார்கள். அது பெரிய ஆறுதல். தோட்டத்தில் அந்த ஆறுதல் மெதுவாகத்தான் வந்தது.

சாப்பாட்டுப் பெட்டிகளில் சாமான்கள் போன வரிசையிலேயே பின்னோக்கித் திரும்பி வந்தன. முதலில் சம்பலில் தேங்காய் கூடியது. பிறகு பருப்பு. 2023இல் அரசு இந்தியாவிலிருந்து முட்டை இறக்கத் தொடங்கிய பிறகு, எப்போதாவது ஒரு பெட்டியில் பாதி முட்டை. பால்மா பல வீடுகளுக்குத் திரும்பவே இல்லை. அதன் இடத்தில் வந்தது சின்னப் பக்கெட் பிஸ்கட். இருபது, முப்பது ரூபாய்க்கு ஒரு பிள்ளையின் அழுகை அடங்கும். சீனியும் மாவுமாக வயிறு நிரம்பும், வேறொன்றும் கிடையாது. நீரிழிவு மாத்திரைக்காக வைத்தியசாலை வரிசையில் நிற்கும் தோட்டத்துப் பாட்டிமாரைப் பார்க்கும்போது, அந்தப் பிஸ்கட் பக்கெட்டுகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

இந்த ஆய்வுக்காகத் திரும்பத் திரும்பப் பேசியபோது ஒன்றைக் கவனித்தேன். எந்தத் தாய்க்கும் சத்துணவு பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முட்டை நல்லது, கீரை நல்லது, பிள்ளைக்குப் பால் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். சம்பளம் போட்ட அன்று அவர்கள் வாங்கும் சாமான்களே அதற்குச் சாட்சி. பத்தாம் திகதி இரவு லயம் முழுக்க மீன் வாசம் அடிக்கும். இருபதாம் திகதிக்குள் பருப்பு. மாதக் கடைசியில் ரொட்டியும் கட்டச் சம்பலும். ஒரே தாய், ஒரே அறிவு, ஒரே அடுப்பு. மாறியது கையிலிருந்த காசு மட்டும். விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியையாவது முட்டையாகப் பாடசாலைக்குள் கொண்டுவந்தால் என்ன என்று கேட்டிருக்கிறேன். இன்னும் கேட்கிறேன்.

2025 தையில் பாடசாலை திறந்தபோது தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியிருந்தது. இரண்டாம் கிழமை இடைவேளையில் பெட்டிகளைப் பார்த்தேன். ரொட்டி இருந்தது. மேலே சிவப்பாக, தேங்காய் இல்லாத கட்டச் சம்பல்.